ஒழுகுற கூரைக்கு சிபாரிசு எதுக்கு?

தோழர்களே,

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடிக்கிற நேரம் ஒதுக்கி முழுசா படிங்க. மழை வர்றதுக்கு முன்னாடி நாம பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். இதுல எதிர்க்கட்சியை மட்டும் குறை சொல்லிட்டுப் போக முடியாது. நம்ம பக்கமும் ஒரு தப்பு இருக்கு. அதையும் எழுதியிருக்கேன்.

வடசென்னையில் ஒரு சந்து. எழுபது வருஷத்துக்கு மேல ஆன வீடு. மெட்ராஸ் டெரஸ் தளம். அதாவது மரக்கட்டைகளை வரிசையா போட்டு, மேல செங்கலைச் செருகி, சுண்ணாம்பு போட்டு அடிச்ச பழைய காலத்துத் தளம். நல்லா பராமரிச்சா நூறு வருஷம் நிக்கும். தண்ணி இறங்கி கட்டை உளுத்துப் போச்சுன்னா ஒரு ராத்திரியில உட்கார்ந்துடும். அந்த வீட்டில் ஒரு அம்மா, அவங்க மகன், மருமகள், ரெண்டு சின்னப் பிள்ளைங்க. முன்னறையில் ரெண்டு கட்டை உளுத்திருந்தது. மேஸ்திரி வந்து பார்த்துட்டு, "பூசி மறைக்கிற வேலை இல்லம்மா இது, தளத்தையே பிரிச்சு மாத்தணும்"னு சொல்லிட்டார்.

தளத்தை மாத்துறதுன்னா கட்டமைப்பு வேலை. அனுமதி வேணும். ஜூன் மாசம் விண்ணப்பம் போட்டாங்க.

முதல் தடவை திரும்பி வந்தது: பட்டா இறந்துபோன அப்பா பேரில் இருக்கு, வாரிசுச் சான்றிதழ் கொண்டா. கொண்டு போனாங்க. ரெண்டாவது தடவை: வரைபடத்தில் பதிவு பெற்ற பொறியாளர் கையெழுத்து இல்லை. காசு கொடுத்து வாங்கிட்டுப் போனாங்க. மூணாவது தடவை: பழைய கட்டட அனுமதி நகல் எங்கே? எழுபது வருஷத்துக்கு முன்னாடி தாத்தா கட்டின வீட்டுக்கு நகலை எங்கே போய்த் தேடுறது?

இந்த மூணு குறையும் முதல் நாளே தெரியாதா? தெரியும். ஒரே தாளில் எழுதிக் கொடுத்திருந்தா ஒரே வாரத்தில் முடிஞ்சிருக்கும். ஒண்ணு ஒண்ணா சொன்னதால அக்டோபர் வந்துடுச்சு. முன்னறையில் நாலு சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்து வெச்சு, அதுக்கு நடுவுலதான் பிள்ளைங்க படுத்துக்கிட்டு இருந்தாங்க.

அப்புறம்தான் அந்த மகன் என்கிட்ட வந்தார். நான் நம்ம உதவி மையத்தில் உட்கார்றவன். தெரிஞ்ச ஒருத்தருக்கு போன் போட்டேன். நாலாவது நாள் ஆள் வந்து பார்த்தாங்க. அனுமதியும் வந்தது.

நன்றி சொல்ல வந்த மகன் போகும்போது ஒண்ணு கேட்டார்: "அண்ணே, உங்களைத் தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க?"

அந்தக் கேள்விக்கு என்கிட்ட அன்னைக்குப் பதில் இல்லை. இந்தப் பதிவு அதுக்காகத்தான்.

அலுவலகத்தின் பேரையோ அதிகாரியின் பேரையோ இங்கே எழுதப் போறதில்லை. ஒரு ஆளை மாத்தினா சரியாகிற விஷயம் இல்லை இது. எந்த ஆட்சி இருந்தாலும் நடக்கிற கதை. வரிசை எப்படி ஓடுதுங்கிறதுலதான் கோளாறு.

■ முதல்ல, எதுக்கு அனுமதி வேணும், எதுக்கு வேண்டாம்?

இது தெரியாததாலேயே நிறைய பேர் ஏமாறுறாங்க. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் வந்தது. வெள்ளையடிக்கிறது, பூச்சு வேலை, தரை போடுறது, கட்டமைப்பைத் தொடாத உள்வேலை, சின்னச் சின்னப் பழுது, இதுக்கெல்லாம் அனுமதி தேவையில்லை. வாசலில் ஒரு லோடு மணல் இறங்கினதும் யாராவது வந்து நின்னு "பர்மிஷன் இருக்கா?"ன்னு மிரட்டினா, "எந்த விதிப்படி வேணும், எழுதிக் கொடுங்க"ன்னு கேளுங்க. பாதிப் பேர் திரும்பிப் போயிடுவாங்க.

தூண், உத்தரம், தளம், சுமை தாங்குற சுவர், இதைத் தொட்டா அனுமதி வேணும். வேணும்னுதான் நாமும் சொல்றோம். 2014 ஜூன் 28-ஆம் தேதி மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் செத்துப் போனதை மறந்துட முடியாது. கட்டடத்தைப் பரிசோதிக்கிற அதிகாரம் அரசுகிட்ட இருக்கணும். அதனால "அனுமதியே வேண்டாம், யார் வேணும்னாலும் எதை வேணும்னாலும் இடிச்சுக் கட்டலாம்"னு நாம கேக்கல. சோதனை பண்ணுங்க, ஆனா கூரை விழுறதுக்கு முன்னாடி பண்ணுங்க. அவ்வளவுதான் கேக்குறோம்.

■ புது வீட்டுக்கு உடனே, பழைய வீட்டுக்கு எப்போ?

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரைக்கும் உள்ள மனையில், 3,500 சதுர அடி வரைக்கும், தரைத்தளமும் முதல் தளமும் கட்டிக்கலாம். இணையத்தில் விண்ணப்பிச்சு, விதிப்படிதான் கட்டுறேன்னு உறுதி கொடுத்தா, ஆள் வந்து பார்க்கிறதுக்காகக் காத்துக் கிடக்காம உடனே அனுமதி கிடைக்கும். யார் கொண்டு வந்தாலும் நல்லது நல்லதுதான். வரவேற்கிறோம்.

ஆனா யோசிச்சுப் பாருங்க. காலி மனையும் கையில் தெளிவான பத்திரமும் இருக்கிறவருக்கு உடனே அனுமதி. தலைமேல விழுந்துகிட்டு இருக்கிற கூரையை மாத்தணும்னு கேக்குறவர் மாசக்கணக்கா அலையணும். இதுல யாருக்கு அவசரம்? புது வீடு ஒரு மாசம் தள்ளிப்போனா வாடகைதான் நஷ்டம். பழைய தளம் ஒரு மாசம் தள்ளிப்போனா உயிர் நஷ்டம்.

சுயசான்று முறை எந்த நம்பிக்கையில ஓடுது? "விண்ணப்பிக்கிறவர் உண்மை சொல்றார், பொய்னு தெரிஞ்சா அப்புறம் நடவடிக்கை எடுப்போம்"ங்கிற நம்பிக்கையில. புதுசா கட்டுறவர்மேல வைக்கிற நம்பிக்கையை, இருக்கிற வீட்டை இருக்கிறபடியே காப்பாத்தணும்னு நினைக்கிறவர்மேல வைக்க என்ன தயக்கம்?

■ திருவொற்றியூர் சொன்ன பாடம்

2021 டிசம்பர் 27. திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக் மொத்தமா சரிஞ்சது. 24 வீடுகள். ஒரு உயிர்கூடப் போகல. காரணம், விரிசலைப் பார்த்த மக்களும் பகுதியில் இருந்தவங்களும் சேர்ந்து எல்லாரையும் முன்கூட்டியே வெளியே கொண்டு வந்ததுதான். எந்தத் தாளும் அவங்களைக் காப்பாத்தல. கண்ணால விரிசலைப் பார்த்ததும் எடுத்த முடிவுதான் காப்பாத்தியது.

பாடம் ரெண்டு. ஒண்ணு, கட்டடம் விழுறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத்தான் விழும். விரிசல், கதவு இறுக்கிப் பிடிக்கிறது, மணல் கொட்டுறது, கம்பி வெளியே தெரியுறது, எல்லாமே அறிகுறி. ரெண்டாவது, அந்த அறிகுறியை முதல்ல பார்க்கிறவர் அங்கே குடியிருக்கிறவர்தான். அவர் சொல்றதை எத்தனை நாளில் கேக்குறோம்ங்கிறதுதான் நிர்வாகம்.

அபாயமான கட்டடம்னு தெரிஞ்சா, பலப்படுத்தச் சொல்லியோ இடிக்கச் சொல்லியோ நோட்டீஸ் கொடுக்க மாநகராட்சிக்கு அதிகாரம் இருக்கு. மழைக்கு முன்னாடி நோட்டீஸ் ஒட்டுறதையும் பார்க்கிறோம். அந்தப் பக்கம் "உடனே சரி பண்ணு"ன்னு நோட்டீஸ். இந்தப் பக்கம் சரி பண்ண அனுமதி கேட்டா "அடுத்த வாரம் வா". ரெண்டும் ஒரே அரசாங்கத்தோட குரல். இதுல எதைத்தான் மக்கள் கேட்பாங்க?

■ நினைவுச்சின்னம் பக்கத்தில் குடியிருந்தா?

இது சென்னையோட நிக்கல. தஞ்சை, காஞ்சித் தோழர்களுக்கு நல்லாவே தெரியும். மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிற சின்னத்தைச் சுத்தி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதுக்கப்புறம் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. 1958-ஆம் ஆண்டுச் சட்டம், 2010-ல் திருத்தினது. 100 மீட்டருக்குள் புதுசா எதுவும் கட்ட முடியாது. இருக்கிற வீட்டைப் பழுது பார்க்கவும் தனி அனுமதி வாங்கணும்.

சட்டத்தில் உள்ள கணக்கு இது: விண்ணப்பத்தை 15 நாளில் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்பணும். ஆணையம் 2 மாசத்தில் கருத்து சொல்லணும். அதுக்கப்புறம் 1 மாசத்தில் முடிவு. மொத்தம் மூணரை மாசம். ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி விண்ணப்பிச்சா, எல்லாரும் ஒழுங்கா வேலை செஞ்சாலும், நவம்பர் நடுவுல பதில் வரும். அதுக்குள்ள பாதி மழை பெய்ஞ்சு முடிஞ்சிருக்கும்.

பெரிய கோயிலைக் காப்பாத்தணும். அதுல மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா அதே தெருவில் ஓடு சரிஞ்ச வீட்டுக்கும், மாடி எழுப்பணும்னு கேக்குற லாட்ஜுக்கும் ஒரே வரிசைன்னா, அதுல நியாயம் எங்கே இருக்கு? ஒண்ணை மட்டும் ஒத்துக்கணும்: அந்தச் சட்டத்தில் ஒவ்வொரு மேஜைக்கும் நாள் கணக்கு எழுதியிருக்கு. அதைத்தான் நாமும் கேக்குறோம். அவசரத்துக்குன்னு ஒரு குறுகின கணக்கையும் சேர்த்து எழுதுங்கன்னு கேக்குறோம்.

■ விதி மீறினவருக்கு வழி இருக்கு, விதிப்படி நிக்கிறவருக்கு?

நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏன்னு ஒரு பிரிவு. 1999 பிப்ரவரி 28-க்கு முன்னாடி விதியை மீறிக் கட்டின கட்டடங்களைப் பணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கலாம். அப்புறம் 113-சி. 2007 ஜூலை 1 வரைக்கும் கட்டினதுக்கு இன்னொரு வாய்ப்பு. ஆட்சிகள் மாறின. தேதிகளும் நீண்டன.

விதியை மீறி மாடி மேல மாடி கட்டினவருக்கு சட்டசபையே வழி யோசிச்சுக் கொடுத்தது. விதிக்குக் கட்டுப்பட்டு, அனுமதி வந்த பிறகுதான் கட்டையைப் பிரிப்பேன்னு சவுக்குக் கட்டைக்கு நடுவுல படுத்துக்கிட்டு இருந்த அந்தக் குடும்பத்துக்கு என்ன வழி யோசிச்சோம்? ஒழுங்கா இருக்கிறவன் ஏமாளின்னு அரசாங்கமே கத்துக் கொடுத்தா, நாளைக்கு எவன் அனுமதி கேட்டு வரிசையில் நிப்பான்?

■ இப்போ நம்ம பக்கம்

தோழர்களே, நான் போன் போட்டதால ஒரு குடும்பத்துக்கு வேலை நடந்தது. அதைப் போட்டோ எடுத்து, "நம்ம கட்சியின் முயற்சியால்"னு இதே பக்கத்தில் பதிவு போட்டிருக்கலாம். ஆயிரம் லைக் வந்திருக்கும். போடல.

ஏன்னா, அந்த நாலு நாளில் அதிகாரி எங்கிருந்தோ நேரத்தைப் புதுசா உருவாக்கல. வேற யாரோ ஒருத்தருக்கு வைக்க வேண்டிய நேரத்தை எடுத்து இவங்களுக்குக் கொடுத்தார். அந்த வேற ஒருத்தர் யாருன்னு எனக்குத் தெரியாது. அவங்க வீட்டுக் கூரையும் உளுத்ததா இருக்கலாம். அவங்களுக்கு போன் போட ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

லஞ்சம் வாங்குறவரைத் திட்டுறோம். சரிதான். சிபாரிசும் காசு இல்லாத லஞ்சம்தான். காசுக்குப் பதிலா ஓட்டையும் விசுவாசத்தையும் வாங்கிக்கிறோம். வரிசை ஒழுங்கா ஓடினா கவுன்சிலர் வீட்டு வாசலில் கூட்டம் இருக்காது. அந்தக் கூட்டம் குறையக் கூடாதுன்னு நினைக்கிற அரசியல்வாதி எல்லாக் கட்சியிலும் இருக்கார். நம்ம கட்சியில் இல்லைன்னு சொல்ல என்னால முடியாது.

அதுக்காக நாளைக்கே உதவி கேட்டு வர்றவங்களைத் திருப்பி அனுப்பணுமா? கூடாது. ஆனா உதவி செய்யுற விதத்தை மாத்தலாம். போன் போடுறதுக்குப் பதிலா மனு எழுதிக் கொடுப்போம். ஒப்புகைச் சீட்டு வாங்க வைப்போம். தேதியைக் குறிச்சு வெச்சு, எழுத்துல தொடர்ந்து கேப்போம். ஒருத்தருக்கு எழுதின மனு அடுத்த நூறு பேருக்கு வழி காட்டும். போன் அந்த ஒருத்தரோட முடிஞ்சு போகும்.

■ நாம என்ன கேக்குறோம்?

1. அவசரப் பழுதுக்குத் தனி வரிசை. பதிவு பெற்ற பொறியாளர் "ஆபத்து"ன்னு சான்று கொடுத்து, புகைப்படமும் வெச்சா, மூணு வேலை நாளுக்குள் ஆள் வந்து பார்க்கணும். முட்டுக் கொடுக்கிறது, ஆபத்தான பகுதியை இறக்குறது மாதிரியான தற்காப்பு வேலையை அன்னைக்கே தொடங்கலாம்னு விதியில் தெளிவா எழுதணும்.

2. குறையை ஒரே தடவையில் சொல்லணும். முதல் தடவை சொல்லாத குறையைக் காட்டி ரெண்டாவது தடவை திருப்பக் கூடாது.

3. இருந்த அளவிலேயே, இருந்த உயரத்திலேயே மாத்துற பழுதுக்கு, குறிச்ச நாளில் பதில் வரலைன்னா அனுமதி கொடுத்ததாகவே எடுத்துக்கணும். பொறுப்பு சான்று கொடுத்த பொறியாளருக்கு. பொய்ச் சான்றுன்னா அவர் பதிவு ரத்து. கூடுதல் மாடி, கூடுதல் பரப்புக்கு இந்தச் சலுகை கிடையாது. கிடைக்கவும் கூடாது.

4. பாதுகாப்பு வேற, சொத்துரிமை வேற. பட்டா தாத்தா பேரில் இருக்கு, அண்ணன் தம்பி வழக்கு நடக்குது, குடியிருக்கிறவர் வாடகைதாரர், இப்படி எத்தனையோ வீடு. "இந்தப் பழுது அனுமதி சொத்துரிமைக்கு ஆதாரம் ஆகாது"ன்னு ஒரு வரி அச்சடிச்சு அனுமதி கொடுங்க. யாருக்கும் நஷ்டமில்லை. பங்காளிச் சண்டை தீர்ற வரைக்கும் கூரை காத்திருக்காது.

5. வரிசை எல்லாரும் பார்க்கிற மாதிரி இருக்கணும். எந்தத் தேதி வந்த விண்ணப்பம், எந்த மேஜையில் எத்தனை நாளா இருக்கு, எந்தத் தேதி முடிஞ்சது, வார்டு வாரியா இணையத்திலும் அலுவலகச் சுவரிலும் போடுங்க. பின்னாடி வந்தது முன்னாடி போனா காரணத்தை எழுதுங்க. அப்படிப் போட்டா என்னை மாதிரி ஆளுங்க போன் போட்டாலும் வேலைக்கு ஆகாது. ஆகாமலே போகட்டும்.

6. சேவை பெறும் உரிமைச் சட்டம். மத்தியப் பிரதேசத்தில் 2010-லேயே வந்துடுச்சு. கேரளாவில் 2012. கர்நாடகாவில் 'சகாலா'. அங்கே தாமதம் ஆனா ஒரு நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் வரைக்கும் விண்ணப்பதாரருக்கு இழப்பீடு உண்டு. தொகை சின்னதுதான். ஆனா "தாமதம் உன் தலையெழுத்து இல்லை, எங்க தப்பு"ன்னு அரசாங்கம் ஒத்துக்கிற இடம் அது.

"ஆள் பற்றாக்குறை, பொறியாளர்களுக்கு வேலைப்பளு"ன்னு பதில் வரும். அது உண்மைதான். கீழ்மட்டப் பொறியாளர் ஒருத்தர் மழைநீர் வடிகால், சாலை, புகார்னு எல்லாத்தையும் பார்க்க வேண்டியிருக்கு. அவரை வில்லனாக்க நாம வரல. அதனாலதான் வெறும் வெள்ளையடிக்கிற வேலைக்கும் உயிர் போற வேலைக்கும் ஒரே வரிசை வேண்டாம்னு சொல்றோம். பிரிச்சா அவருக்கும் பாரம் குறையும்.

■ அதுவரைக்கும் உங்க கையில் இருக்கிற ஆயுதம்

● எதையும் வாய்வழியா கேக்காதீங்க. எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்க. "திருப்பிட்டாங்க"ன்னா ஏன்னு எழுத்துல கேளுங்க.

● தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் உங்க விண்ணப்பம் எந்த நிலையில் இருக்குன்னு கேக்கலாம். சாதாரணமா 30 நாள். உயிர் சம்பந்தப்பட்ட தகவல்னா 48 மணி நேரம். இடியுற நிலையில் இருக்கிற வீடு உயிர் சம்பந்தப்பட்டதுதான்னு மனுவின் முதல் வரியிலேயே காரணத்தோட எழுதுங்க.

● லஞ்சம் கேட்டா, கொடுக்கிறதுக்கு முன்னாடியே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்க. வேற வழியில்லாம கட்டாயத்தில் கொடுத்துட்டீங்கன்னா, 7 நாளுக்குள் புகார் கொடுங்க. 2018 திருத்தத்துக்கு அப்புறம் லஞ்சம் கொடுக்கிறதும் குற்றம். ஆனா கட்டாயப்படுத்தப்பட்டவர் 7 நாளுக்குள் சொல்லிட்டா அவர்மேல அந்தக் குற்றம் வராது. இது பலருக்குத் தெரியாது. தெரியப்படுத்துங்க.

● தளம் இறங்கின மாதிரி தெரிஞ்சா, அனுமதிக்குக் காத்திருக்காம முதல்ல வீட்டை விட்டு வெளியே வாங்க. அரிவாக்குளத்தில் 24 குடும்பத்தைக் காப்பாத்தினது அதுதான்.

■ தோழர்களுக்கு ஒரு வேலை

உங்க தெருவில் மழைக்குப் பயந்துகிட்டு இருக்கிற பழைய வீடு எத்தனைன்னு இந்த வாரம் ஒரு நடை நடந்து பாருங்க. எந்தக் கட்சிக்காரர் வீடுன்னு பார்க்காதீங்க. விண்ணப்பம் போட்டிருந்தா தேதியைக் குறிச்சுக்கோங்க. போடலைன்னா உட்கார்ந்து எழுதிக் கொடுங்க. பட்டியலைத் தொகுத்து வார்டு குழுக் கூட்டத்தில், மண்டல அலுவலகத்தில், எழுத்துபூர்வமா வைப்போம். ஆள் பேர் வேண்டாம். தேதிகள் போதும். எந்த விண்ணப்பம் எத்தனை நாளா கிடக்குதுங்கிற கணக்கை யாரும் மறுக்க முடியாது.

அந்த அம்மா வீட்டுல இப்போ புதுத் தளம் போட்டாச்சு. சவுக்குக் கட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போன மகனிடம், கட்டை வாடகைக்கு விடுறவர், "பக்கத்துத் தெருவுல இன்னொரு வீட்டுக்கு வேணும்னாங்க, அப்படியே அங்கே இறக்கிடு"ன்னு சொன்னாராம். அவர் இறக்கிட்டு வந்து என்கிட்ட சொன்னார்.

அந்தப் பக்கத்துத் தெரு வீட்டுக்காரருக்கு என்னைத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கக் கூடாது. அவர் விண்ணப்பம் அதோட நாளில், அதோட வரிசையில், தானா நகரணும். அதுக்காகத்தான் இந்தப் போராட்டம்.

படிச்சதோட நிறுத்தாம பகிருங்க. உங்க பகுதி நிலவரத்தைக் கருத்துப் பகுதியில் எழுதுங்க. அதிகாரி பேர், விண்ணப்ப எண் மாதிரி விவரங்களைப் பொதுவெளியில் போட வேண்டாம். அதை உதவி மையத்துக்கு நேரில் கொண்டு வாங்க.

வரிசை எல்லாருக்கும் ஒண்ணுதான். அதை உறுதிப்படுத்துவோம்!

#அவசரப்_பழுதுக்குத்_தனி_வரிசை
#சிபாரிசு_வேண்டாம்_நாள்_கணக்கு_வேண்டும்